சால்மன் சமைக்க இட்லிப் பானையும் தோசைக்கல்லும் போதும், தெரியுமா?

சமையல் என்றால் சோறு வடிக்க மட்டும்தான் தெரியும் என்பவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் முதலில் கற்க வேண்டிய மீன் சால்மன்தான்! செதில் உரித்து, முள் நீக்கி, துண்டு போட்டு வருகிறது. பத்தே நிமிடத்தில் வெந்துவிடுகிறது. அதற்கென்று தனிப் பாத்திரமோ அயல்நாட்டு அடுப்போ எதுவும் வேண்டாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் ஏற்கெனவே இருக்கிற சாமான்களே போதும்.

விலைதான் மலைக்க வைக்கும். விமானத்தில் பனிக்கட்டியோடு வருகிற மீன், கிலோ ஆயிரங்களில் போகும். கவலை வேண்டாம், கை பழகுவதற்கு நம் ஊரிலேயே ஒரு மீன் இருக்கிறது. வானகரம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் பக்கத்தில் வெள்ளியாய் மின்னிக்கொண்டு, மூக்கு முன்னே துருத்தி, வாய் அடியில் ஒளிந்திருக்கும் மீனைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் காலா. ‘இந்தியன் சால்மன்’ என்று மீன் செயலிகளில் விற்பது இதைத்தான். மும்பைக்காரர்கள் ராவஸ் என்று தேடித்தேடி வாங்குவதும் இதே மீன்தான்!

அடுத்த முறை வாங்கும்போது அதன் மார்புத் துடுப்புக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். நூல்போல் மெல்லிய இழைகள் பக்கத்துக்கு நான்கு தொங்கும். முகத்துவாரத்துக் கலங்கல் தண்ணீரில் கண் தெரியாத இடத்திலும் இரையைத் தடவிக் கண்டுபிடிப்பது அந்த இழைகளால்தான். இன்னொரு அதிசயம் கேளுங்கள்: காலா முதலில் ஆணாக முதிர்கிறது, பிறகு வளர வளரப் பெண்ணாக மாறிவிடுகிறது! பெரிய காலாவாகப் பார்த்து வாங்கினால் அது பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் நார்வே சால்மனுக்கும் நம் காலாவுக்கும் உறவு கிடையாது. குடும்பமே வேறு. காலாவின் சதை வெள்ளை, கொழுப்பும் குறைவு. சரி, நிஜ சால்மனின் ரத்த சொந்தம் தமிழ்நாட்டில் உண்டா? உண்டு! நீலகிரியில், அவலாஞ்சியில்! மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே என்ற மீனியல் மேதை 1860களிலேயே டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். அது பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் என்பவர் ரெயின்போ டிரவுட்டை அங்கே வெற்றிகரமாக வளர்த்தார், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. அந்த ரெயின்போ டிரவுட், பசிபிக் சால்மன்களின் பேரினத்தையே சேர்ந்தது!

கடல் தாண்டியும் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த ஆன்டனி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அங்கே குடியேறிய முதல் தமிழர் அவர்தான். மீன்பிடித் தொழிலை அங்கே கற்று, நார்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்துக்குச் ‘சீநோர்’ நிறுவனத்தைக் கொண்டுவந்தார். அவர் போட்ட பாதையில் பின்னாளில் ஏராளமான ஈழத்து இளைஞர்கள் நார்வே போனார்கள், வடகோடிப் பனியூர்களில் மீன் பதனிடும் ஆலைகளில் நின்று உழைத்தார்கள். இன்று உலகின் பண்ணை அட்லாண்டிக் சால்மனில் பாதிக்கும் மேல் நார்வேயிலிருந்து வருகிறது. அந்த நாட்டு மீன் தொழிலில் தமிழ்க் கைகளின் வியர்வையும் கலந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

இனி அடுப்பைப் பற்ற வைப்போம்.

சால்மன் ஏன் இவ்வளவு சீக்கிரம் வேகிறது, தெரியுமா? ஆட்டுக்கால் மணிக்கணக்கில் கொதித்தால்தான் இளகும். ஆடு தன் எடையைத் தானே சுமந்து மலையேறுகிற பிராணி, அதன் தசையைக் கட்டிப்போடும் இணைப்புத் திசு கெட்டியானது. மீனை நீரே தாங்கிக்கொள்கிறது. அதன் தசை ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏடுகளை ஒட்டவைக்கும் சவ்வு மிக மெல்லியது, கொஞ்சம் சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் வெந்த மீன் தொட்டவுடன் ஏடாகப் பிரிகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி சமையல் முடிந்தது. சால்மன் வேகாமல் கெட்டதைவிட, வெந்து வெந்து கெட்டதுதான் அதிகம்! கனடா நாட்டு மீன்வளத் துறை பரப்பிய ஒரு கணக்கு உண்டு: துண்டின் கனம் ஒரு அங்குலமா, மொத்தம் பத்து நிமிடம். அரை அங்குலமா, ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

முதல் வழி, தோசைக்கல். துண்டைக் கழுவியதும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுப்பாகவே ஆகாது. கல் சூடானதும் ஒரு கரண்டி எண்ணெய், தணலை நடுத்தரமாக வையுங்கள். தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, கரண்டியால் பத்து நொடி மெல்ல அழுத்துங்கள். போட்டவுடன் தோல் சுருங்கி வளையப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் இந்த அழுத்தல். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் வெளிறிக்கொண்டே மேலே ஏறும்! கனத்தில் முக்கால் பங்கு வெளிறியதும், ஆறு நிமிடம் ஆகியிருக்கும், திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் தாராளம். திருப்பும்போது ஒட்டுகிறதா? சுரண்டாதீர்கள், அரை நிமிடம் விடுங்கள். மொறுமொறுப்பு பிடித்ததும் கல்லே விட்டுவிடும்.

நம் வீட்டு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுதுக் கலவையைச் சதைப் பக்கம் மட்டும் தடவுங்கள். தோல் பக்கம் தடவினால் ஆறு நிமிடத்தில் கருகிக் கசக்கும். சதைப் பக்கம் கல்லில் படுவதே ஒன்றரை நிமிடம்தானே! எலுமிச்சைச் சாறு விட்டு மணிக்கணக்கில் ஊற வைக்கவும் வேண்டாம். புளிப்பே புரதத்தை வெளுக்க வைத்து, அடுப்பு ஏறுமுன் மீனை வெந்ததுபோல் ஆக்கிவிடும். பத்து நிமிட ஊறல் போதும்.

வேகும்போது ஓரங்களில் வெள்ளையாகத் திரண்டு வருகிறதே, அது என்ன? கொழுப்பு என்று நினைத்து வழித்து எறிபவர்கள் உண்டு, கெட்டுப்போன மீன் என்று பயப்படுபவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. அது புரதம். சூடு அதிகமாகத் தசை இறுகி அதைப் பிதுக்கித் தள்ளுகிறது. தணலைக் குறை என்று மீன் நமக்குச் சொல்லும் செய்தி அது! சமைப்பதற்கு முன் பத்து நிமிடம் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் இந்த வெள்ளை வெகுவாகக் குறையும், உப்பும் உள்ளே சீராகப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, என் கணக்கில் தொடக்கக்காரருக்கு இதுதான் முதலிடம், இட்லிப் பானை! கொத்தமல்லி, புதினா, தேங்காய், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். வாழையிலையை நடு நரம்பு நீக்கித் தணலில் வாட்டுங்கள், இல்லையென்றால் மடிக்கும்போது கிழியும். துண்டின் இருபக்கமும் சட்னியைப் பூசி, பொட்டலமாக மடித்து, ஆவி வந்த பிறகு தட்டில் வையுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம். பார்சிகள் கல்யாணப் பந்தியில் பரிமாறும் ‘பாத்ரா நி மச்சி’ இதே முறைதான். அங்கே வாவல் மீன், இங்கே சால்மன். ஆவிச்சூடு 100 டிகிரியைத் தாண்டாது, இலை ஈரத்தை வெளியே விடாது. மீன் வறண்டு போக இடமே இல்லை! அலுமினியத் தாளில் சுற்றலாமே என்பீர்கள். எலுமிச்சை, புளி சேர்ந்தால் அலுமினியம் கரையத் தொடங்கும். பூந்தமல்லிக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக வாழையிலை விற்கும்போது நமக்கு அந்தத் தாள் எதற்கு?

குழம்பிலும் போடலாம், ஒரு நிபந்தனை. குழம்பு முழுசாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு, கடைசியில்தான் சால்மன் இறங்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள், மண்சட்டியின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மீனிலேயே கொழுப்பு நிறைய இருப்பதால் வழக்கமாக ஊற்றும் நல்லெண்ணெயில் பாதி போதும்.

புளித்தண்ணீரில் மீன் கழுவினால் கவுச்சி போவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கடல் மீன் செத்ததும் அதன் உடலில் டிரைமெத்திலமைன் என்ற பொருள் உண்டாகிறது. கவுச்சி நாற்றம் அதுதான். அது காரத்தன்மை கொண்டது. புளியின் அமிலம் அதோடு சேர்ந்து உப்பாக்கிவிடுவதால் காற்றில் பறந்து மூக்குக்கு வர முடிவதில்லை. வேதியியல் பாடம் படிக்காமலே நம் பாட்டிமார் கண்டுபிடித்த வைத்தியம்!

அந்த ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது? இறாலிலிருந்து! கடலில் சால்மன் தின்னும் சின்ன இறால் இனங்களில் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி இருக்கிறது. இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அதே நிறமிதான். பண்ணைச் சால்மனுக்குத் தீவனத்திலேயே அதைச் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் அதன் சதை சாம்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

ஒமேகா-3 கொழுப்புக்காக மட்டும் சால்மன் வாங்க நினைக்கிறீர்களா? அப்படியானால் தயங்காமல் மத்தி வாங்குங்கள். சத்தில் அதற்குச் சளைத்ததல்ல, விலையோ மிகவும் கம்மி. சால்மனை அதன் ருசிக்காக, வெண்ணெய்போல் கரையும் அந்தச் சதைக்காக எப்போதாவது ஒரு நாள் வாங்குங்கள், அது நியாயம்.

நம் வெயிலில் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் இனித்தான் வருகிறது. உறைந்த துண்டை மேடையில் போட்டு உருக வைக்கவே கூடாது. முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காற்று உறிஞ்சிய பாக்கெட்டில் வந்ததென்றால் உருக வைப்பதற்கு முன்பே பாக்கெட்டைக் கிழித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று உண்டு, பாக்கெட்டோடு உருகவிடுவது அதற்குக் கதவு திறப்பதுதான். ஜப்பானியர்போல் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். ஜப்பானியர்களே பச்சைச் சால்மனைப் பரவலாகச் சாப்பிடத் தொடங்கியது 1980களில் நார்வே வியாபாரிகள் போய் விற்ற பிறகுதான்! ஒட்டுண்ணி பயத்தால் அதுவரை அவர்களும் சமைத்துத்தான் தின்றார்கள்.

காலா வாங்குகிறவர்கள் காலண்டரையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். புரட்டாசியில் நிலைமை தலைகீழ், பாதி ஊர் விரதம் இருப்பதால் விலை இறங்கும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். “போன்லெஸ்ஸா போடட்டாக்கா?” என்று கேட்டால், தோலை மட்டும் எடுக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். தோல் இல்லாத துண்டு கல்லில் உதிர்ந்துவிடும்.

சரி, எவ்வளவு சொல்லியும் கூடுதலாக வெந்து வறண்டுவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்! உதிர்த்துவிட்டு, கடுகு, சோம்பு, நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளோடு கிளறி இறக்குங்கள். சுறாப் புட்டு முறையில் சால்மன் புட்டு தயார். புட்டுக்கு மீன் வறண்டிருப்பதே நல்லது, பொலபொலவென்று வரும். ரசம் சாதத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

முதல் தடவைக்கு இருநூறு கிராம் ஒரே துண்டு வாங்குங்கள். பத்து நிமிடம் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்பு முன்னால் நில்லுங்கள், அது போதும்.