களங்களில் வென்று போரில் தோற்ற இங்கிலாந்து

1337 முதல் 1453 வரை இங்கிலாந்து, பிரான்சு அரசர்கள் இடையிடையே உடன்படிக்கைகள் செய்தும் முறித்தும் நடத்திய நெடும்போர் நூறாண்டுப் போர் எனப்படுகிறது. அதன் புகழ்பெற்ற களங்களில் வென்ற இங்கிலாந்து, இறுதியில் கலே துறைமுகப் பகுதியைத் தவிரப் பிரெஞ்சு நிலப்பரப்பில் இருந்த உடைமைகள் அனைத்தையும் இழந்தது. இந்த முரணுக்கான விடையைப் படைத்தலைவர்களின் வீரத்தைவிட, அரசுகளின் கருவூலத்திலும் படை அமைப்பிலும் தேடுவதே பொருந்தும்.

1328இல் பிரான்சின் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவருடைய சகோதரி மகனான இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டை ஒதுக்கிய பிரெஞ்சுப் பிரபுக்கள், தந்தைவழி உறவினரான வலுவா மரபின் ஆறாம் பிலிப்பை அரியணை ஏற்றினர். பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர் என்ற முறையில் எட்வர்டு ஆண்டுவந்த தென்மேற்கு நிலங்களை 1337இல் பிலிப் பறிமுதல் செய்யவே போர் மூண்டது.

1346இல் கிரெசியில், ஏறத்தாழ ஆளுயரமான நீள்வில்லை ஏந்திய ஆங்கில வில்லாளிகள், முறையின்றி அலையலையாகப் பாய்ந்த பிரெஞ்சுக் கவசக் குதிரை வீரர்களைச் சிதறடித்தனர். 1356இல் புவாத்தியே களத்தில், கறுப்பு இளவரசர் என்று அறியப்படும் எட்வர்டின் மகன், பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானையே சிறைபிடித்தார். ஆயினும் அந்த அவமானமே பிரான்சுக்கு ஒரு கருவியைத் தந்தது: அரசரை விடுவிக்க 1360இல் ஒப்புக்கொண்ட 30 இலட்சம் பொன் நாணயங்களைத் திரட்டுவதற்காக உப்பின்மீதும் விற்பனைப் பொருள்கள்மீதும் வரிகள் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் பணம் திரட்டும் வழக்கம் வேரூன்றத் தொடங்கியது. அப்பணத்தின் துணையுடன் அடுத்த பிரெஞ்சு அரசர் ஐந்தாம் சார்லஸும் அவருடைய தளபதி பெர்த்ராந்து து கெக்லாந்தும், நேரடிப் பெரும்போரைத் தவிர்த்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டு, இழந்த நிலங்களில் பெரும்பகுதியை மீட்டனர்.

அடுத்து வந்த ஆறாம் சார்லஸ் மனநோயுற்றதால் பிரபுக் குடும்பங்கள் உள்நாட்டுப் போரில் இறங்க, அந்தப் பிளவைப் பயன்படுத்திய இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி, 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட்டின் சேற்று வயலில் பெருவெற்றி பெற்று, 1420 துரோவா உடன்படிக்கையால் பிரெஞ்சு அரியணைக்கு வாரிசாகவும் ஆனார். இரு அரசர்களும் 1422இல் இறந்தபின், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த ஓர்லியான் நகரை 1429 மே மாதத்தில் விடுவிக்கப் படையை ஊக்குவித்தவர் உழவர் குடும்பத்துப் பெண்ணான ஜோன் ஆஃப் ஆர்க். அவ்வெற்றியே அதே ஆண்டு ஜூலையில் ரெய்ம்ஸ் நகரில் ஆறாம் சார்லஸின் மகன் ஏழாம் சார்லஸ் பிரெஞ்சு அரசராக முடிசூட வழிவகுத்தது. 1431இல் ரூவானில் ஜோன் எரித்துக் கொல்லப்பட்ட பின்னரும் அந்த எழுச்சி அணையவில்லை.

எழுச்சியை நிலையான வலிமையாக்கியது நிர்வாகம். 1435இல் ஆங்கிலேயர் பக்கம் இருந்த பர்கண்டிக் கோமகனுடன் சமாதானம் செய்துகொண்ட சார்லஸ், படை திரட்டும் உரிமையை 1439இல் அரசருக்கே உரியதாக்கி, 1445இல் அமைதிக் காலத்திலும் ஊதியம் பெறும் நிலைப்படையை அமைத்தார். ஜான் பூரோ, காஸ்பார் பூரோ சகோதரர்கள் பீரங்கிப் படையைச் சீரமைத்தனர். 1453 ஜூலை 17 அன்று காஸ்தியோனில் ஜான் பூரோவின் பீரங்கிகளை எதிர்த்துப் பாய்ந்த ஆங்கிலத் தளபதி ஜான் டால்பட் மாண்டார். ஒவ்வொரு போர் வரிக்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலை நாடவேண்டியிருந்த ஆங்கில அரசால், இந்தத் தொடர்ச்சியான வலிமைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

எனினும் இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் எளிய மக்களே. பிரபுக்களுக்கு விலக்களித்து உழவர்மீது பெரும்பாலும் சுமத்தப்பட்ட நேரடி வரி, போர் முடிந்தும் நீங்காமல் 1789 புரட்சிக்காலம் வரை நீடித்தது.