கோபுரத்துக்கு முன் ஒரு சிறு குழி

தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு இடம் தேடுகிறவர்களும், அந்தக் காலத்தில் வழிபாட்டுத் தலத்துக்கு இடம் தேடியவர்களும் பல நேரம் ஒரே மேட்டில்தான் வந்து நிற்கிறார்கள். கெடாவின் குனோங் ஜெராயைப் பாருங்கள். 1,217 மீட்டர் உயரமுள்ள இந்த மலையை அடையாளமாக வைத்தே கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து கடாரத்தை நெருங்கின. அதன் உச்சிப் பகுதியில் பழங்காலக் கட்டட எச்சங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டன. இன்று அங்கே ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன.

நான் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கோபுரத்துக்கு இடம் தேர்வு செய்வது பற்றிய பாடத்தில் மண்ணின் தாங்குதிறன், மின் இணைப்பு, சாலை வசதி எல்லாம் வந்தன. அந்த மண்ணுக்குள் ஏற்கெனவே யாருடைய சுவராவது இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் வரவில்லை. எனவே நானே தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி, கோபுரங்களுக்கென்றே தனி நடைமுறை 2004இல் வகுக்கப்பட்டது. எடுத்தவுடன் தோண்டுவதில்லை. முதலில் பழைய வரைபடங்களையும் தொல்லியல் பதிவேடுகளையும் புரட்டுகிறார்கள். அந்த நிலத்தோடு உறவுள்ள பூர்வகுடியினரிடம் கேட்கிறார்கள். தேவைப்பட்டால் அதற்குப் பிறகு மண்வெட்டியை எடுக்கிறார்கள். சீரான இடைவெளியில் சிறு குழிகள் வெட்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து, பானை ஓடு, கல் கருவித் துண்டு, கரி ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள். மண்ணடுக்கின் நிறத்தைக் குறித்துக்கொண்டு குழியை மூடிவிடுகிறார்கள். சலிப்பான வேலைதான், பல குழிகளில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் ஒரு முடிவுதானே!

கோபுரத்தின் அடித்தளம் சிறியது, அதற்கு இவ்வளவு ஆய்வா என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கே போய்ச்சேரும் பாதை, கம்பிவடத்துக்கான பள்ளம், இழுகம்பிகளை ஊன்றும் இடங்கள் எல்லாம் சேர்ந்தால் தோண்டப்படும் பரப்பு பெருகிவிடும். தோண்டும் இடத்தோடு ஆய்வு நிற்பதும் இல்லை. 200 அடி வரை உயரமுள்ள கோபுரமென்றால், பொதுவாகச் சுற்றிலும் அரை மைலுக்குள் உள்ள வரலாற்றுச் சின்னங்களின் தோற்றம் கெடுமா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது பூஜாங் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2013இன் இறுதியில் ஒரு செய்தி நம்மை உலுக்கியது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை கொண்டதாகக் கருதப்பட்ட 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டிருந்தது. அது தனியார் நிலம். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சண்டி அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த ‘11’தான். எண் இருக்கிறதென்றால் யாரோ வந்து பார்த்து, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பூஜாங் தலங்களை 1930களிலேயே குவாரிச் வேல்ஸ் தம் மனைவி டாரத்தியுடன் அகழ்ந்து பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். குழி வெட்டிக் கண்டுபிடிக்க வேண்டிய புதிர் அல்ல இது. ஆய்வின் முதல் படியான பதிவேட்டைப் புரட்டும் வேலையிலேயே தெரிந்திருக்கும்.

மண்வாரி இயந்திரத்தை ஓட்டுபவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சண்டி என்றதும் வானுயர்ந்த கோயிலைக் கற்பனை செய்யாதீர்கள். மரத்தாலும் ஓலையாலும் ஆன மேற்பகுதி மக்கிப்போய், பெரும்பாலும் செங்கல் அல்லது கல் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது. புதர் மண்டிய நிலையில் அது வெறும் மேடு. பழம்பொருளைக் கண்டால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதே 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கண்டால்தானே தெரிவிக்க முடியும்?

சுங்கை பத்துவில் செம்பனை மரங்களுக்கு நடுவே அப்படிப்பட்ட மேடுகளிலிருந்துதான் பழைய இரும்பு உருக்கும் தளங்கள் வெளிவந்தன. எல்லா மேடுகளும் இன்னும் தோண்டப்படவில்லை.