காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்தில் நம்மவர்களைத் தேடும்போது

காஞ்சனாபுரிக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் க்வாய் ஆற்றுப் பாலத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. ஊரின் நடுவே, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

உள்ளே போனதும் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் உலோகத் தகடு. அதில் படைப்பிரிவு, பெயர், இறந்த நாள், வயது. பலருக்கு 22, 24 வயதுதான். சில தகடுகளின் அடியில் பெற்றோரோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி இருக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேருக்கும் டச்சு வீரர்கள் 1,896 பேருக்கும் இங்கே இடம் உண்டு. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டு குழிகளில் இருக்கிறது. அவர்களின் பெயர்களையும் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். நுழைவு மண்டபத்தில் 11 பெயர்கள் கொண்ட நினைவுப் பலகை ஒன்றும் உண்டு. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்ட, அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தினர் அவர்கள்.

சயாம் மரண ரயிலுக்குப் போன நம் தோட்டத்து மக்களின் கல்லறை இங்கே ஒன்றுகூடக் கிடையாது.

415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-43-இல் ஜப்பானியர் போட்டபோது போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல் என்பது மதிப்பீடு, பெரும்பாலோர் தமிழர். மூன்று மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் மொத்தம் ஏறத்தாழ 90,000 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதுவும் மதிப்பீடுதான்.

காரணம் எளிது, கொடுமையானதும்கூட. ராணுவத்தில் பெயர்ப்பட்டியல் உண்டு. கைதிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் குறிப்பெழுதி, யாரை எங்கே புதைத்தோம் என்று அடையாளம் வைத்தார்கள். போர் முடிந்த 1945 செப்டம்பரிலேயே ஒரு குழு பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டறிந்தது. அப்படி எடுத்து வரப்பட்டவர்கள்தாம் இன்று இந்தப் புல்வெளியில் இருக்கிறார்கள். மற்றவர்கள் சுங்காயிலும் பர்மாவின் தான்பியூசாயத்திலும் இருக்கிறார்கள். நம்மவர்களுக்கோ பட்டியல் எழுத அதிகாரி இல்லை, முகாமில் சொந்த மருத்துவர்கூட இல்லை. காலரா வந்த முகாம்களில் பிணங்களைக் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பிறகு காடு மூடிவிட்டது. 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்திலும் நம்மவர்களுக்கு இடமில்லை. அதைப் படமாக்கியதே இலங்கையில்தான்!

ஆகவே கல்லறைத் தோட்டத்தோடு நிற்காமல் இன்னும் மூன்று இடங்களுக்குப் போங்கள். பக்கத்திலேயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற காட்சியகம் உள்ளது. பாதை எப்படிப் போடப்பட்டது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. அருகிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயில் வளாகத்தில் 2023-இல் நம்மவர்களுக்காக நடுகல் நிறுவப்பட்டது. பூ வைக்க விரும்புவோர் அங்கே வைக்கலாம். மூன்றாவது, பாலத்தருகே 1944-இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத்தூண். பல மொழிகளோடு அதில் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொன்றவர்களே வைத்த கல் என்று சிலர் ஒதுங்கிப் போவார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் போர் நடந்துகொண்டிருந்தபோதே நம் மொழியில் வெட்டப்பட்ட கல் அது.

பேங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாகக் காஞ்சனாபுரிக்கு ரயில் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாடாங் பெசாரிலிருந்து ரயிலில் போகிறவர்கள், பேங்காக் வருமுன் பான் போங் நிலையத்தைக் கடப்பார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட நம் மக்கள் இறக்கிவிடப்பட்டது அங்கேதான். முகாம்களுக்குப் பலர் அங்கிருந்து நடந்தே போனார்கள்.