கணினி வேலைக்குப் பட்டமா, தொழிற்சான்றிதழா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வாலாஜாபாத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இது: பிள்ளையை மூன்று, நான்கு ஆண்டுகள் கல்லூரிக்கு அனுப்புவதா, ஓராண்டில் ஒரு கணினிச் சான்றிதழ் வாங்கவைத்து வேலைக்கு அனுப்புவதா? நெசவுக் கூலியிலும் ஒரகடம் கம்பெனிச் சம்பளத்திலும் ஓடும் குடும்பத்துக்கு இது பெரிய முடிவு. நிதானமாக எடுக்க வேண்டும்.

பட்டம் எங்கே கட்டாயம்?

வங்கி எழுத்தர் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 2, எம்சிஏ போன்ற மேற்படிப்பு, அமெரிக்காவின் எச்1பி விசா ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாவிட்டால், திறமை எவ்வளவு இருந்தாலும் முயற்சி விண்ணப்பத்திலேயே நின்றுவிடும். இவற்றில் ஒன்று பிள்ளையின் கனவு என்றால் பிசிஏ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்கை நேரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

சான்றிதழ் எல்லாம் ஒன்றா?

இல்லை. ஐடிஐ-யில் 'கோபா' எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு ஓராண்டு; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; தேர்ச்சி பெற்றால் கிடைப்பது தேசிய அளவிலான சான்றிதழ். அலுவலகக் கணினிப் பணிகளுக்கு இது உதவும். பாலிடெக்னிக் டிப்ளமோ பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டுகள், முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தனியார் மையங்கள் தரும் சான்றிதழ் வேறு ரகம். அங்கே கற்ற திறன் பயன்படும். ஆனால் அந்தத் தாள் பட்டத்துக்கோ டிப்ளமோவுக்கோ ஈடாகாது. பணம் கட்டும் முன் அங்கீகாரம் யாருடையது என்று கேளுங்கள்.

இரண்டும் சேர்ந்த வழி உண்டா?

உண்டு. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் படிப்பில் டேட்டா சயின்ஸ் படிக்க ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இடையில் நிறுத்தினாலும், முடித்த கட்டத்தைப் பொறுத்துச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும், தொடர்ந்தால் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். வேறொரு வழியும் உண்டு: ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து உதவித்தொகையும் தருகிறது. ஆனால் அது பட்டம் தருவதில்லை.

செலவுக்கு என்ன வழி?

6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐடிஐ-க்கும் இது பொருந்தும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குப் பொறியியல் கல்விக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

எதைத் தேர்வது?

வீட்டுநிலை இடம் கொடுத்தால் பட்டத்தில் சேருங்கள். படிக்கும்போதே ஒரு மென்பொருள் திறனையும் கற்கவையுங்கள். உடனே சம்பாத்தியம் வேண்டுமென்றால் ஐடிஐ அல்லது டிப்ளமோ. வேலைக்குப் போன பிறகு அஞ்சல் வழியிலோ இணையவழியிலோ பட்டத்தைத் தொடருங்கள். மேலே படிக்க வழியடைக்கும் படிப்பை மட்டும், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தேர்ந்தெடுக்காதீர்கள்.