எவரெஸ்ட் பேஸ் கேம்ப் டிரெக்: ‘ரெஸ்ட் டே’யில் ஏன் மலையேறச் சொல்கிறார்கள்?

“மொத்தமே ரெண்டு வாரம்தான் லீவு. அந்த ரெண்டு ரெஸ்ட் டேயைத் தூக்கிட்டா சீக்கிரம் திரும்பிடலாமே?”

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகத் திட்டமிடும் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். லீவு கணக்கில் சரிதான். ஆனால், உடம்பு போடும் கணக்கு வேறு.

எங்கே தங்குகிறார்கள்?

விமானம் இறங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரவு பெரும்பாலும் பாக்டிங்கில், சுமார் 2,600 மீட்டர். மறுநாளே நாம்சே பஜார், 3,440 மீட்டர். ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏற்றம்! அதனால்தான் நாம்சேவில் இரண்டு இரவு தங்கவைக்கிறார்கள். அடுத்து, 4,410 மீட்டரில் உள்ள திங்போச்சேவிலும் இதேபோல ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள்.

உயரத்தில் என்ன நடக்கிறது?

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்பில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கும். ஆனால், முழுதாகப் பழகச் சில நாட்கள் தேவை. அந்த அவகாசம் கொடுக்காவிட்டால் வருவதுதான் ஆல்டிடியூட் சிக்னெஸ்.

சும்மா படுத்திருந்தா போதாதா?

இரவு அதே உயரத்தில் தங்குவதுதான் முக்கியம். கூடவே பகலில் கொஞ்சம் மேலே ஏறி இறங்கினால், அடுத்த உயரத்துக்கு உடம்பு தயாராகும் என்பது மலையேறிகளின் வழக்கம். ‘உயரே ஏறு, கீழே தூங்கு’ என்பார்கள். தூக்கத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மேலும் குறையும். அதனால், எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட எங்கே தூங்குகிறோம் என்பது பெரிய விஷயம். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஓரிரவு தங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?

நாம்சேவிலிருந்து சுமார் 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போய்வரலாம். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட்டைப் பார்த்தபடி ஒரு டீ! திங்போச்சேவில் நாங்கர்ட்ஷாங் மேடு. அதன் உச்சி 5,000 மீட்டருக்கு மேல். உச்சியைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை, பாதியிலேயே திரும்பலாம்.

பெரிய பையை லாட்ஜிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர், ஜாக்கெட், தொப்பி, கொஞ்சம் நொறுக்குத்தீனி போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

எப்போது போகக் கூடாது?

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஏதாவது சேர்ந்தால் அன்று நடை வேண்டாம், அடுத்த ஊருக்கும் ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அது அவசரநிலை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். திங்போச்சேவுக்கு அருகில் உள்ள பெரிச்சேவில், டிரெக்கிங் சீசனில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ முகாம் இயங்குகிறது. டயமாக்ஸ் போன்ற மாத்திரைகளை, கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

‘என்னால எல்லாருக்கும் லேட் ஆகுதே’ என்ற கூச்சத்தில் தலைவலியை மறைப்பவர்கள் உண்டு. அதனால், ரெஸ்ட் டே காலையில் குரூப்பில் ஒவ்வொருவரிடமும் “தலை வலிக்குதா? ராத்திரி தூங்கினியா?” என்று கேட்டுவிடுங்கள். லீவு பத்தாது என்றால் தேதியை மாற்றுங்கள். ரெஸ்ட் டேயில் கை வைக்காதீர்கள்.