எட்டு மணி நேரம் பெஞ்சில்: கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் பஸ் பயணம். மதியம் வரை பெஞ்ச். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பெஞ்ச். வீட்டுக்கு வந்தால் மொபைல், இரவில் லேப்டாப்பும் அசைன்மென்ட்டும். உட்கார்ந்திருக்கும் நேரம் எட்டு மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். "ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறானே" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மகளுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. அவள் போய் விளையாட நம் ஊர்களில் எத்தனை மைதானம் இருக்கிறது?

உட்காருவதில் ஆபத்து உண்டு என்பது புதிய செய்தி அல்ல. 1953ல் ஜெர்மி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

2016ல் அதே இதழில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் திரட்டிய ஆய்வு வந்தது. தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்பவர்களிடம், நீண்ட நேரம் உட்காருவதால் வரும் கூடுதல் மரண ஆபத்து காணப்படவில்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கிரிக்கெட் இந்தக் கணக்கில் சேராது.

சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைகள்தாம். தொடையும் கெண்டைக்காலும் அசையாமல் கிடந்தால் அந்த வேலை மந்தமாகிறது. ஆஸ்திரேலியாவில் உடல் எடை கூடியவர்களிடம் செய்து 2012ல் வெளியான ஆய்வில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருக்கும் வீடுகளில் இது பிள்ளைகளுக்கும் உரிய செய்தி. நம் நாட்டவருக்கு இந்நோய் இளம் வயதிலேயே, பெரிய பருமன் இல்லாமலேயே வந்துவிடுகிறது.

ஆனால் மாணவர் நினைத்த நேரத்தில் எழ முடியாதே! நம் கல்லூரிகளில் மணி அடித்தால் பெரும்பாலும் ஆசிரியர்தான் வகுப்பு மாறுகிறார், மாணவர்கள் அதே பெஞ்சில் இருக்கிறார்கள். பாடம் நடக்கும்போது எழுந்து நிற்பது மரியாதைக் குறைவு. ஆகவே அனுமதி ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். "எல்லோரும் எழுந்து, பக்கத்தில் இருப்பவரோடு இந்தக் கேள்வியைப் பேசுங்கள்" என்று வகுப்பின் நடுவில் சொன்னால் இரண்டு நிமிடம்தான் செலவாகும். தூங்கி வழிந்த கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.

ஆசிரியர்களோ, தாங்கள் நின்றுதான் பாடம் நடத்துகிறோம் என்பார்கள். உண்மைதான். வகுப்பு முடிந்தபின் விடைத்தாள் திருத்துவது, மதிப்பெண் பதிவேற்றுவது, நாக் தர மதிப்பீட்டுக்குக் கோப்பு தயாரிப்பது எல்லாம் நாற்காலியில்தான். அடுத்த அறையில் இருப்பவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதற்குப் பதில் நடந்து போய்ப் பேசலாம். பத்து விடைத்தாளுக்கு ஒருமுறை வராந்தாவில் ஒரு நடை போகலாம். அதற்காக நாள் முழுக்க நிற்கவும் வேண்டாம், கால் நரம்பு புடைத்துக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உட்காரும் நேரத்துக்கு மணிக்கணக்கில் எல்லை வகுக்கவில்லை. அதைக் குறைத்து, அந்த நேரத்தில் லேசான அசைவாவது செய்யுங்கள் என்கிறது.

வீட்டில் நாமும் ஒரு தவறு செய்கிறோம். தேர்வு நெருங்கினால் "இருந்த இடத்தைவிட்டு அசையாமல் படி" என்கிறோம். தண்ணீர், டீ, பலகாரம் எல்லாம் மேசைக்கே போகிறது. மனப்பாடப் பகுதியை மொட்டை மாடியில் நடந்துகொண்டே படிக்கட்டும். டீயை அடுக்களையிலேயே வைத்துவிட்டுக் கூப்பிடுவோம். முனகிக்கொண்டாவது எழுந்து வருவார்கள்.