பழைய பெட்டிக்குள் ஒரு வரலாறு

தைப்பொங்கல் நெருங்கும் நாட்களில் மலையகத்து லயங்களில் நடைபெறும் துப்புரவுப் பணியைக் கண்டவர்களுக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் மூலையிலும் பரணிலும் உறங்கிக் கிடந்த பொருள்கள் யாவும் இஸ்தோப்பிற்கு வந்து சேரும். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பழம் பொருளுக்கு வீட்டிலிருந்து விடுதலை!

அத்தகைய நாளொன்றில், அக்கரப்பத்தனையிலுள்ள ஒரு தோட்டத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பனி முற்றாக விலகாத காலை. வீட்டுப் பாட்டியார் பொருள்களை இரண்டு குவியல்களாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று மீண்டும் பரணுக்கு. மற்றது பழைய இரும்பு வாங்க வருபவருக்கு. இரண்டாவது குவியலின் உச்சியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியொன்றும், எலி கடித்த வயர்களோடு இரண்டு கைப்பிடிகளும், மஞ்சள் நிறக் கசெட் ஒன்றும் கிடந்தன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேரன் அதைக் கையிலெடுத்தான்.

“அப்பா, இது என்ன பெட்டி?”

“அதுவா தம்பி, டீவி கேம். நான் கொழும்பிலே புடவைக் கடையில் நின்ற காலத்தில் புறக்கோட்டையிலே வாங்கினது. தீபாவளிக்குக் கொண்டுவந்தேன். அந்த வருசம் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் நம்ம காம்பராவிலேதான்!”

“எந்த வருசம்?”

நண்பர் சற்று யோசித்தார். தொண்ணூற்று மூன்றோ நான்கோ என்றார். அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

உலகின் பல நாடுகளில் இத்தகைய பெட்டிகளைத் தேடி அலைவோரும், அவற்றின் வரலாற்றை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டோரும் இருக்கின்றனர் என்று நாம் சொன்னபோது, வீட்டார் அனைவரும் நகைத்தனர். அந்த நகைப்புக்கு நாம் அங்கு கூறிய விடையே இக்கட்டுரை.

விளையாட்டிற்கும் வரலாறா?

விளையாட்டை ஆராய்வது புதிய பைத்தியமன்று. இங்கிலாந்தில் பாடசாலைப் பரிசோதகராக இருந்த எச். ஜே. ஆர். மறே என்பார், சதுரங்கத்தின் வரலாற்றை 1913ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். ஏனைய பலகை விளையாட்டுக்களைப் பற்றிய அவரது நூல் 1952இல் வெளிவந்தது. நம் நாட்டிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட ‘புராதன இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் குளங்களையும் கல்வெட்டுக்களையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. இந்நாட்டு மக்கள் ஆடிய விளையாட்டுக்களையும் படங்களோடு பதிவு செய்தார்.

ஆனால் அந்த விளையாட்டுக்களுக்கும் இன்றைய மின்னணு விளையாட்டுக்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தரையிலே குழி தோண்டினால் பல்லாங்குழி. கரித்துண்டினால் கோடு இழுத்தால் ஆடுபுலி. பாட்டியின் நினைவில் விதிகள் இருக்கும்வரை அவற்றுக்கு அழிவில்லை. வீடியோ விளையாட்டோ அவ்வாறன்று. அதற்குரிய இயந்திரமும், அதனுள் எழுதப்பட்ட கட்டளைகளும் அழிந்துவிட்டால், எவ்வளவு நினைவாற்றல் படைத்தவராலும் அதைத் திரும்ப ஆடிக் காட்ட முடியாது.

ஐந்து அங்குலத் திரையில் டென்னிஸ்

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தைப் பொதுமக்கள் பார்வையிட வந்தனர். வந்தவர்கள் சலிப்படையாதிருக்க, வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிக அறிஞர் ஒரு கணனியையும் மின்னலைகளைக் காட்டும் சிறிய திரையையும் இணைத்து டென்னிஸ் ஆட்டமொன்றை அமைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினர். ஆயினும் ஹிகின்பொதம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதற்கு உரிமைப் பத்திரமும் பெறவில்லை. 1959இல் மீண்டும் காட்டியபின் கருவி பிரிக்கப்பட்டது. உறுப்புகள் வேறு வேலைகளுக்குப் போயின.

அன்று அதை ஆடிப்பார்த்தவர்களுள் டேவிட் ஆல் என்ற இளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் கணனிச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியரானார். 1982இல் அச்சஞ்சிகை அந்த டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி எழுதியபின்னரே உலகம் அதை அறியத் தொடங்கியது. ஆய்வுகூடத்தின் ஐம்பதாவது ஆண்டான 1997இல், பழைய வரைபடங்களைத் துணையாகக் கொண்டு அக்கருவியைத் திரும்பவும் அமைத்தனர். ஒருவரது நினைவும் சில தாள்களும் எஞ்சியிராவிட்டால், அப்படி ஒன்று இருந்ததென்பதே மறைந்திருக்கும்.

ஒரு கையெழுத்தின் வலிமை

நாஜி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி 1938இல் ஜேர்மனியிலிருந்து சிறுவனாக அமெரிக்கா சென்றவர் ரால்ஃப் பேயர். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட முடியுமா என்று 1966இல் சிந்தித்து, அவ்வெண்ணத்தைத் தாளில் குறித்துவைத்தார். அதன் பயனாக மக்னவொக்ஸ் கம்பனியின் ‘ஒடிசி’ 1972இல் விற்பனைக்கு வந்தது. வீட்டில் ஆடுவதற்கென விற்கப்பட்ட முதலாவது வீடியோ விளையாட்டுக் கருவி அதுவே.

அதே ஆண்டில் அட்டாரி கம்பனியின் ‘பொங்’ பெரும் புகழ் பெற்றது. எது முந்தியது என்ற வழக்கு எழுந்தபோது, மேசையில் வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று வருகையாளர் புத்தகம்! அட்டாரியின் நிறுவுநரான நோலன் புஷ்னெல், 1972 மே மாதத்தில் கலிபோர்னியாவில் ஒடிசியைக் காட்டிய இடத்திற்குச் சென்று கையெழுத்திட்டிருந்தார். 1976இல் அட்டாரி சமரசம் செய்து அனுமதிப் பணம் செலுத்த ஒப்புக்கொண்டது.

பேயரோ தமது குறிப்புத் தாள் எதனையும் எறிந்துவிடாதவர். அவரது முன்மாதிரிக் கருவிகளும் ஆவணங்களும் 2006இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குச் சென்றன. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தேதியிட்டு எழுதிய ஒரு தாள், தேதியற்ற நூறு நினைவுகளை வென்றுவிடும்.

பாலைவனத்தில் புதையல்

செய்தவர்களே தம் பொருளை எவ்வளவு அலட்சியமாக நடத்தினர் என்பதற்கு மற்றொரு கதை. வேற்றுலக உயிர் ஒன்றைப் பற்றிய ‘ஈ.டி.’ திரைப்படத்தைத் தழுவி, 1982 நத்தார் காலத்திற்காக அட்டாரி கம்பனி ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஹவார்ட் ஸ்கொட் வார்ஷோ என்பவருக்கு அதை உருவாக்கக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. அது விற்காமற் தேங்கியது. 1983இல் அட்டாரி தன் தேங்கிய சரக்கை நியூமெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பை மேட்டில் புதைத்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல இது உண்மையா கட்டுக்கதையா என்ற ஐயம் வளர்ந்தது. 2014 ஏப்ரல் 26ஆந் தேதி அவ்விடத்தைத் தோண்டினார்கள். ஆர்வலர் கூட்டம் சூழ்ந்து நிற்க, நசுங்கிய கசெட்டுகள் மேலே வந்தன. ஏறத்தாழ 1,300 கசெட்டுகள் மீட்கப்பட்டன. அவற்றுள் ‘ஈ.டி.’யுடன் வேறு பல விளையாட்டுக்களும் கலந்திருந்தன. ஒரு காலத்தில் குப்பையாக எறியப்பட்ட பொருள், இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றிருக்கிறது.

ஏன் இந்த அவசரம்?

சேகரிப்போர் ஆராய்ச்சியாளராக மாறியதற்குக் காரணம் காலம் தரும் நெருக்கடியே. காந்தத் தட்டுக்களில் பதிந்த எழுத்து மெல்ல மெல்ல அழிகிறது. பழைய மின்பலகைகளிலுள்ள சிறு உறுப்புகள் கசிந்து, செம்புக் கோடுகளை அரிக்கின்றன. உருவாக்கியோர் முதுமை அடைந்து மறைகின்றனர். பேயரும் 2014இல் காலமானார். ஆகவே சிலர் கசெட்டின் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கின்றனர். சிலர் ஒரே விளையாட்டின் வெவ்வேறு பதிப்புக்களை ஒப்பிடுகின்றனர். சிலர் முதியோரைச் செவ்வி காண்கின்றனர்.

அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு பிராங்க் சிபால்டி தொடக்கிய வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுக்களுள் 100க்கு 87 இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அது கூறியது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இணங்கவில்லை. உரிமையாளரின் நலனும் வரலாற்றின் நலனும் மோதும் இடம் இது. இரு பக்கத்திலும் நியாயம் இருப்பினும், அழிவு மட்டும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

நம் வீட்டுப் பெட்டி

யப்பானில் நின்டெண்டோ கம்பனி 1983இல் வெளியிட்ட ‘பமிக்கொம்’ கருவியைப் பார்த்து அனுமதியின்றிச் செய்யப்பட்ட பிரதிகளே ஆசிய நாடுகளின் சந்தைகளை நிறைத்தன. நண்பரின் பெட்டியும் அவ்வினத்தையே சேர்ந்தது. கசெட்டின் மேல் ‘9999999 விளையாட்டுக்கள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துக்கும் குறைவாகத்தான் தேறும். மற்றவை பெயர் மாறிய அதே ஆட்டங்கள்! இந்தப் பிரதிகளையும் இன்று ஆர்வலர்கள் ஆராய்கின்றனர். ஆனால் அவை எந்தக் கடல் கடந்து எவர் கைமாறி ஒரு தோட்டத்து லயத்தை அடைந்தன என்பதைக் கம்பனிகளின் ஏடுகள் கூறமாட்டா. அதனை நாமே கூறவேண்டும்.

பேரன் ஒரு திருகாணிச் செலுத்தியைக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தான். மின்சில்லுகளின் முதுகில் பெரும்பாலும் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு ஆண்டையும் அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும் என்று அவனுக்குச் சொன்னோம். தூசியைத் துடைத்து வாசித்தான்: 9408. அதாவது, 1994ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். அந்தச் சில்லு பிறக்குமுன் பெட்டி பிறந்திருக்க முடியாதல்லவா?

“அப்போ தொண்ணூற்று மூன்று இல்லை அப்பா. தொண்ணூற்று நான்கு தீபாவளிதான்!” என்றான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்று உடன் ஆடிய தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒருவர் கொழும்பில், ஒருவர் மத்திய கிழக்கில், ஒருவர் இன்றில்லை. பேரன் அப்பியாசக் கொப்பியை எடுத்து அவற்றை எழுதிக்கொண்டான். அருகிலிருந்த பாட்டியாரும், “நாங்க ஆடின தாயத்தையும் எழுதிக்க ஐயா” என்றார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி இருக்கலாம். எறியுமுன் என்ன, எங்கே, எப்போது, எவரோடு என்ற நான்கு கேள்விகளைப் பெரியவர்களிடம் கேட்டு, விடையைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். நூதனசாலைகள் தொலைவில் இருக்கலாம். வரலாறு அவ்வளவு தொலைவில் இல்லை. நாம் விடைபெற்ற வேளையில் அந்தப் பெட்டி முதற் குவியலுக்கு, பரணுக்குப் போகும் குவியலுக்கு, மாறியிருந்தது.